லியோன் நகரில் ஒரு நாள்: சமையலும் சங்கீதமும்

பிரான்ஸ் என்றதும் எங்களில் அநேகருக்குப் பாரிஸ் நகரமும் ஈபிள் கோபுரமும், லா சப்பல் பகுதியில் எங்கள் ஆட்கள் நடத்தும் கடைகளுமே நினைவுக்கு வரும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் படங்களிலும் அவற்றையே பார்த்திருக்கின்றோம். நான் இங்கு எழுதப்போவது அந்த நாட்டின் இன்னொரு நகரத்தைப் பற்றி. அதன் பெயர் லியோன். பாரிசிலிருந்து தென்கிழக்காகக் கடுகதிப் புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலப் பயணம். வடக்கிலிருந்து வரும் சோன் ஆறும் அல்ப்ஸ் மலைப் பக்கமிருந்து வரும் ரோன் ஆறும் அங்கேதான் ஒன்று சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நாக்குப் போல நீண்டு கிடக்கிறது நகரின் மையப்பகுதி.

சாப்பாட்டுக்குப் பேர்போன ஊர் அது. கூர்நோன்ஸ்கி என்ற உணவு எழுத்தாளர் 1930களில் அதனை உலகின் உணவுத் தலைநகரம் என்று புகழ்ந்தார். அந்தப் பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் புகழைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் பெரிய வீடுகளில் சமையல் வேலைக்கு நின்ற ஏழைப் பெண்கள் என்பதுதான் எங்கள் வாசகிகளுக்கு நான் சொல்ல விரும்பும் விடயம். பணக்காரக் குடும்பங்களுக்குச் சமையற்காரிகளை வைத்திருக்க வசதி குறைந்தபோது வேலையிழந்த பலர் தாங்களே சிறிய சாப்பாட்டுக்கடைகளைத் திறந்தார்கள். ஊர் அவர்களை “மேர்”, அதாவது அம்மா, என்று பெயருக்கு முன்னால் சேர்த்து அழைத்தது. மேர் கீ என்பவரின் கடை 1759ஆம் ஆண்டளவிலேயே ரோன் ஆற்றங்கரையில் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

நாங்கள் போனது இவருடைய தமக்கையின் மகளின் கலியாணத்துக்கு. கலியாணம் பாரிசில். எல்லாம் முடிந்து கையில் இரண்டு நாட்கள் மிஞ்சின. அத்தான் இருபது வருடமாகப் பாரிசில் உணவகக் குசினிகளில் வேலை செய்கிறவர். கோப்பை கழுவுவதில் தொடங்கி இப்போது அடுப்படிக்கு வந்திருக்கிறார். “சாப்பாடு பாக்கவேணும் எண்டால் லியோனுக்குப் போங்கோ. இருபத்தோராம் திகதி போனியள் எண்டால் பாட்டும் கேக்கலாம்” என்று ரிக்கற்றையும் அவரே எடுத்துத் தந்துவிட்டார். எனக்கோ வேறொரு காரணமும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, தொழிலாளர் இயக்கங்கள் பற்றிய பாடத்தில் லியோன் பட்டு நெசவாளரின் பெயர் அடிக்கடி வந்து போகும். அந்த மலையை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

காலை எட்டரைக்குப் பார் தியூ நிலையத்தில் இறங்கினோம். கொஞ்சத் தூரம் நடந்தால் “போல் பொக்கூஸ் சந்தை” என்ற பெரிய உள்ளகச் சந்தை வரும். 1971இல் இந்த இடத்துக்கு மாறிய சந்தை இது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பாற்கட்டிகளும், தோலோடு தொங்கும் இறைச்சிக் குழல்களும், கல்லுச் சிப்பிகளும் நகைக்கடையில் போல அடுக்கியிருந்தன. விலையைப் பார்த்தால் நகைக்கடை விலைதான். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு துண்டு பாணும் கோப்பியும் வாங்கினோம். இவர் “பாண்” என்றே கேட்டார். கடைக்காரப் பெண் உடனே எடுத்துத் தந்தார்! போர்த்துக்கேயர் எங்களிடம் விட்டுப்போன சொல் பாண். பிரெஞ்சுக்காரர் அதனை மூக்கால் “பேன்” என்பதுபோல் உச்சரிக்கிறார்கள். குசினியும் அப்படித்தான். அவர்கள் “குவிசீன்” என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன் மொழி. அரைவாசிப் பிரெஞ்சு எனக்கு ஏற்கனவே தெரியும் என்று அன்று முழுவதும் இவர் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

அங்கிருந்து மெற்றோவில் மாறி மாறிக் குருவா ரூஸ் என்ற குன்றுக்குப் போனோம். கடைசிப் பகுதியில் பற்சக்கரம் பிடித்து ஏறுகிற அளவுக்குச் செங்குத்தான பாதை. லியோனில் இரண்டு குன்றுகள். சோன் ஆற்றுக்கு மேற்கே தேவாலயம் நிற்கும் ஃபூர்வியேரை வழிபடுகின்ற குன்று என்றும், குருவா ரூசை வேலை செய்கின்ற குன்று என்றும் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பட்டுத்தறிகள் இந்தக் குன்றில் ஓடின. வீடுகளின் கூரை மிக உயரம். ஜக்கார் தறி ஏறக்குறைய நான்கு மீற்றர் உயரம் என்பதால் தறிக்கு அளவாக வீட்டைக் கட்டினார்கள். மனிதர்கள் பரண் போட்டுப் படுத்தார்கள்.

நெசவாளரை அங்கே “கனூ” என்பார்கள். கனூக்களின் நினைவாக வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் ஒருவர் பழைய தறியை ஓட்டிக் காட்டினார். ஊடு ஒருமுறை போய்வர நான்கு சத்தங்கள். அந்தச் சத்தத்தையே “பிஸ்-தங்-கிளாக்-பங்” என்று லியோன்காரர் தறிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் விடியற்காலை தொடக்கம் இரவு வரை குன்று முழுவதும் இந்தச் சத்தம்தான். இவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணத் தொடங்கிவிட்டார். “நாலு எண்ணிக்கை. ஆனா மூண்டாவதிலை அழுத்தம் விழுது” என்றார். சின்ன வயதில் மிருதங்கம் பழகியவர். 2009இல் வன்னியில் இடம்பெயர்ந்து ஓடியபோது அந்த மிருதங்கம் ஒரு பங்கர் வாசலில் நின்றுபோனது. பிறகு ஒன்று வாங்கவேயில்லை. நானும் கேட்டதில்லை.

கனூக்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தறி நெசவாளருடையது. பட்டு நூல் வியாபாரியுடையது. நெய்த துணிக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. 1831இல் குறைந்தபட்சக் கூலிக்கு ஓர் உடன்பாடு வந்தது. சில வியாபாரிகள் அதை மதிக்க மறுத்தார்கள். நவம்பர் மாதம் நெசவாளர் குன்றிலிருந்து திரண்டு இறங்கி நகரையே சில நாட்கள் தம் கையில் வைத்திருந்தார்கள். பின்னர் இராணுவம் வந்தது. 1834இல் திரும்பவும் எழுந்தார்கள். அம்முறை இரத்தக்களரியாக முடிந்தது.

இந்த இரண்டு கலகங்களையும் எல்லாப் புத்தகங்களும் சொல்லும். 1869இல் நடந்ததைக் கொஞ்சப் பேரே சொல்கிறார்கள். பட்டு இழைகளை முறுக்கும் ஆலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு ஆலையிலேயே படுத்தெழும்பியவர்கள். கூடுதல் கூலியும் குறைந்த வேலைநேரமும் கேட்டு அவ்வருடம் யூன், யூலை மாதங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரான்சில் பெண்களே முன்னின்று நடத்திய முதல் பெரிய வேலைநிறுத்தங்களில் அதுவும் ஒன்று. அவர்களின் தலைவிகளில் ஒருவரான பிலோமின் ரோசான் அக்காலத்துச் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தவர்.

பத்து மணிக்கு வெளியே வந்தால் பெருந்தெருவில் திறந்தவெளிச் சந்தை. இதுதான் எனக்குப் பிடித்த இடம். எங்கள் திருநெல்வேலிச் சந்தை போலப் பேரம், கூச்சல், கூடைகள். செரிப்பழங்களைச் சுருளில் போட்டுத் தந்தார்கள். பாற்கட்டி விற்ற வயோதிப மாது ருசி பார்க்கவென்று மூன்று வகையை வெட்டி நீட்டினார். ஒன்று எனக்கு ஒத்துவரவில்லை. இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டை “பூஷோன்” ஒன்றில் என்று முன்னரே தீர்மானித்திருந்தோம். பூஷோன் என்பது லியோனுக்கே உரிய சிறிய சாப்பாட்டுக்கடை. நாங்கள் போனதில் எட்டு மேசைகள் இருக்கும். சிவப்புக் கட்டம் போட்ட விரிப்பு, மரக் கதிரைகள், சுவரில் கரிபிடித்த தாச்சிகள். சமைப்பதும் ஒரு பெண், காசு வாங்குவதும் ஒரு பெண். தாயும் மகளும் என்று பிறகு தெரிந்தது. மகளுக்கு ஆங்கிலம் ஓரளவு வந்தது. மூன்று பரிமாறல் கொண்ட சாப்பாடு ஆளுக்கு இருபத்தைந்து யூரோவுக்குக் கிட்ட. இவர் மனதுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“என்னப்பா, இந்தக் காசுக்கு ஊரிலை ஒரு கிழமைக்குச் சமைச்சிடலாம்.”

“ஊரிலை மூண்டு நேரமும் சமைக்கிறனே, அதுக்கு ஒருநாளாவது விலை போட்டுப் பாத்திருக்கிறியளே?”

பதில் இல்லை. உணவு அட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அட்டையில் பாதிக்கு மேல் பன்றியும் மாட்டின் குடலும் இரைப்பையும். விலை உயர்ந்த பாகங்கள் பணக்காரர் வீட்டுக்குப் போக, மிஞ்சியதை ருசியாக்கியவர்கள் இந்தக் குன்றின் மக்கள். எங்களுக்கு அவை சரிவராது. மகள் விளங்கிக்கொண்டு மீனும் பருப்பும் காட்டினார். முதலில் வந்தது குளிர்ந்த பச்சைப் பருப்புச் சலாது. அதன் பெயர் “குருவா ரூசின் கேவியர்”. கேவியர் என்றால் பெரும் பணக்காரர் சாப்பிடும் மீன்சினை. அது வாங்க வழியில்லாதவர்கள் பருப்புக்கு அந்தப் பெயரை வைத்துச் சிரித்திருக்கிறார்கள். அடுத்தது “கனூவின் மூளை”. பயப்படவேண்டாம், அது வெறும் பாற்கட்டிப் பச்சடி. புதிய வெண்பாற்கட்டியில் சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை இலைகள், மிளகு, உப்பு, கொஞ்ச வினாகிரி, எண்ணெய் சேர்த்து அடித்தது. இறைச்சி வாங்க முடியாத நெசவாளரின் சாப்பாடு. எங்கள் வீட்டில் இதைச் செய்யலாம். கட்டித்தயிரை மெல்லிய துணியில் முடிந்து ஓரிரவு தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தெடுங்கள். மற்றதெல்லாம் எங்கள் சந்தையிலேயே உண்டு. பச்சை இலைக்கு வெங்காயத்தாள் போதும். அவித்த உருளைக்கிழங்கோடு நல்லாக இருக்கும்.

பெரிய சாப்பாடாக வந்தது “கனெல்”. ஆற்றுமீன் சதையை அரைத்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து, கொழுக்கட்டை போல நீளமாகப் பிடித்து அவித்து, பிறகு குழம்போடு போறணையில் வைப்பார்கள். பூரித்து இரண்டு மடங்காக வரும். மீனில் முள் அதிகம், சதை குறைவு. அரைத்து வடித்துப் பெருப்பிப்பது ஒரு சமையற்காரியின் கெட்டித்தனம். கடைசியில் றோஸ் நிறச் சீனி பூசிய பாதாம் போட்டுச் சுட்ட இனிப்பு. அது கொஞ்சம் கூடிய இனிப்புத்தான்.

மேர்களில் மிகப் பெரிய பெயர் யூஜினி பிராசியே. 1895இல் லியோனுக்கு வடகிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். பண்ணைகளில் மாடு, பன்றி பார்த்தார். 1914இல் திருமணமாகாமலே தாயானார். தகப்பன் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். குழந்தையை வளர்க்க வேறிடத்தில் ஒப்படைத்துவிட்டு லியோனில் ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்கு வந்தார். அங்கே சமைக்கப் பழகி, பிறகு மேர் ஃபிலியூ என்ற புகழ்பெற்ற சமையற்காரியின் கடையில் வேலை பார்த்தார். 1921இல், றோயால் தெரு 12ஆம் இலக்கத்தில் ஒரு சிறிய பலசரக்குக் கடையை வாங்கித் தன் சொந்தச் சாப்பாட்டுக்கடையைத் திறந்தார். பதினைந்து பேர் மட்டில்தான் இருக்கலாம். பின்னர் லியோனுக்கு வெளியே ஒரு மலைக் கணவாயில் இரண்டாவது கடை. டயர் செய்யும் மிஷ்லன் கம்பனி வெளியிடும் வழிகாட்டி நூலில் மூன்று நட்சத்திரம் என்பது உணவகம் ஒன்றுக்குக் கிடைக்கும் ஆக உயர்ந்த மதிப்பு. 1933இல் பிராசியேயின் இரண்டு கடைகளுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. ஆணோ பெண்ணோ, அவருக்கு முன் ஒருவரிடமும் ஆறு நட்சத்திரம் இருந்ததில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அவருடைய மலைக் கடைக்கு ஓர் இளைஞர் பயிற்சிக்கு வந்தார். சமையலோடு மாட்டில் பால் கறக்கவும் துணி தோய்த்து மினுக்கவும் அவரை விட்டார் பிராசியே. அவர்தான் போல் பொக்கூஸ். 2018இல் இறக்கும்வரை பிரெஞ்சுச் சமையலின் முகமாக இருந்தவர். நாங்கள் காலையில் பார்த்த சந்தைக்கு 2006இல் அவருடைய பெயரைத்தான் வைத்தார்கள். குருவின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று கேட்க எனக்கு அங்கே ஆளில்லை. பெண்கள் தொடங்கிவைத்த தொழில் புகழும் பணமும் சேர்ந்தவுடன் ஆண்களின் கைக்குப் போவதை நெசவிலும் பார்த்திருக்கிறோம், சமையலிலும் பார்க்கிறோம். 1951க்குப் பிறகு பிரான்சில் இன்னொரு பெண் மூன்று நட்சத்திரம் பெற 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அன் சோஃபி பிக். ஒரு நல்ல செய்தியும் உண்டு. பிராசியேயின் பேத்தி ஜாக்கோத், சமையற் தொழில் பழகும் இளம் பெண்களுக்கு உதவப் பாட்டியின் பெயரில் ஒரு சங்கத்தை நடத்தினார்.

றோயால் தெரு நாங்கள் இறங்கிவரும் வழிக்கு அருகில்தான். 12ஆம் இலக்கம் இன்றும் அதே பெயரில் உணவகமாக இருக்கிறது. உள்ளே போகும் வசதி எங்களுக்கில்லை. வாசலில் நின்று விலைப்பட்டியலைப் பார்த்தோம்.

மேர் ஃபிலியூவும் பிராசியேயும் புகழ்பெறச் செய்த ஒரு சமையலின் பெயர் “அரைத் துக்கக் கோழி”. வெள்ளைக் கோழியின் தோலுக்கடியில், நிலத்துக்குள் விளையும் கறுப்புக் காளானை மெல்லிய வட்டங்களாக வெட்டிச் செருகி அவிப்பார்கள். வெள்ளைத் தோலினூடாகக் கறுப்புத் தெரியும். ஐரோப்பாவில் அந்நாட்களில் கணவனை இழந்தவள் முதலில் முழுக் கறுப்பு உடுத்த வேண்டும். குறிப்பிட்ட காலம் கழிந்தபின் வெள்ளையும் சாம்பலும் ஊதாவும் கலந்து உடுத்தலாம். அதற்குப் பெயர் அரைத் துக்கம். பிறகு அதுவும் முடிந்து மற்றவர்களைப் போல உடுத்தலாம். ஒரு கோழிச் சமையலின் பெயருக்குள் இவ்வளவு இருக்கிறது.

அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் பகுதிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு சகோதரி சொன்னது ஞாபகம் வந்தது. இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். பலகாரம் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். “கடைக்குக் குடுத்தால் ஆர் சுட்டது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை, தங்கச்சி. கலியாண வீட்டுக்கு எண்டால் மட்டும் கேக்கினம்.” அதே மா, அதே எண்ணெய், அதே கை. கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எங்களிடம் அரைத் துக்கம் என்று ஒன்று இல்லை. தொடங்கும் நாள் உண்டு, முடியும் நாளை ஒருவரும் குறித்துத் தருவதில்லை. நான் இதை இவரிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “எங்கடை தமக்கையின்ரை மகளுக்கு ஆலாத்தி எடுத்தது ஆர் எண்டு கவனிச்சனியே?” என்று கேட்டார். கவனித்திருந்தேன். இவருடைய சின்னம்மா. கணவர் இறந்து பதினைந்து வருடம். பாரிசில் அதைப் பெண் பிள்ளைதான் பிடிவாதமாகக் கேட்டுச் செய்வித்தாள்.

குன்றிலிருந்து இறங்கத் தெருவைவிட நல்ல வழி இருக்கிறது. “திராபூல்” எனப்படும் ஒடுக்கமான பாதைகள் வீடுகளுக்குள்ளாலும் முற்றங்களுக்குள்ளாலும் புகுந்து அடுத்த தெருவில் வெளிக்கிடும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வீட்டுக் கதவு. பட்டைத் தோளில் சுமந்தவர்கள் மழையில் நனையாமல் இதனூடாகப் போனார்கள். யேர்மனியர் நகரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவர்களை எதிர்த்தவர்கள் தப்பி ஓடியதும் இதனூடாகத்தான். ஒரு முற்றத்தில் ஆறு மாடி உயரக் கல்படிக்கட்டு நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்தார்கள். மேல்மாடியில் ஒரு பெண் உடுப்புக் காயவிட்டுக் கொண்டிருந்தார். சத்தம்போட வேண்டாம், இங்கே மனிதர் வசிக்கிறார்கள் என்று சுவரில் எழுதியிருக்கிறது.

மாலை ஐந்து மணியளவில் கீழே நகரமண்டபத்துக்கு வந்தோம். பாட்டுத் தொடங்கிவிட்டது.

யூன் 21 பிரான்சில் இசை விழா நாள். 1982இல் கலாசார அமைச்சராக இருந்த ஜாக் லாங்கும், இசைக்குப் பொறுப்பாயிருந்த மொறிஸ் ஃபுளோறேயும் தொடக்கியது. நாட்டில் ஏறக்குறைய ஐம்பது இலட்சம் பேர் ஏதோவொரு வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர்கள், ஆனால் வெளியே கேட்பது மேடையேறிய சிலரின் இசை மட்டும் என்று ஓர் ஆய்வு அப்போது காட்டியது. வாத்தியத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். பிரெஞ்சில் “இசை விழா” என்பதும் “இசை செய்யுங்கள்” என்பதும் ஒரே உச்சரிப்பு. ரிக்கற் கிடையாது. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இந்நாளைக் கொண்டாடுகிறார்கள். வருடத்தின் மிக நீண்ட பகல் என்பதால் லியோனில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிவிடும்.

நகரமண்டபத்துக்குப் பின்னால் இசைநாடக அரங்கு. 1831இல் திறந்த பழைய கட்டடத்தின் வெளிச்சுவரை இடிக்காமல் விட்டுவிட்டு, ஜோன் நூவெல் என்ற கட்டடக் கலைஞர் உள்ளே புதிதாகக் கட்டி, 1993இல் மேலே பீப்பாவைப் படுக்க வைத்தது போன்ற கூரையைப் போட்டார். முகப்பில் கலைத் தெய்வங்களின் சிலைகள். கிரேக்கக் கதையில் அவர்கள் ஒன்பது சகோதரிகள். இங்கே எட்டுப் பேர்தான். முகப்பின் ஒழுங்குக்கு ஒன்பதாவது சிலை பொருந்தவில்லையாம்! விடுபட்டவள் யுறேனியா, வானசாத்திரத்துக்குரியவள். அந்தச் சிலைகளுக்குக் கீழே, பதினாறு பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வயலின் பெட்டியைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தாய், புத்தகத் தாள் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி.

பெரிய மேடைகளில் நாங்கள் அதிகம் நிற்கவில்லை. ஒலிபெருக்கிச் சத்தம் நெஞ்சில் அடித்தது. அந்த அதிர்வு இவருக்கு ஒத்துவராது, எனக்கும்தான். சிறு தெருக்களில் நடந்தோம். ஒரு முடுக்கில் வட ஆபிரிக்கப் பெண் ஒருவர் அரபுமொழியில் பாட, பாட்டுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் குரவைதான்! இன்னொரு சந்தியில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் இருபது பேர் நெசவாளரின் வறுமையைச் சொல்லும் பழைய பாட்டொன்றைப் பாடினார்கள். அரிஸ்தீத் புறுவான் 1894இல் எழுதியது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். பயிற்சி பெற்ற குரல்கள் என்று சொல்லமுடியாது. முன்வரிசையில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தார், ஒருவர் சந்தைப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே பாடினார். எங்கள் கிராமங்களிலும் இந்த வயதுப் பெண்களிடம் தாலாட்டும் அருவிவெட்டுப் பாட்டும் இருக்கின்றன. செத்த வீடு நடந்த வீட்டில் வானொலி போடக்கூடாது என்று பழகிப் பழகி, வாயையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

சோன் ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் போனபோது எட்டரை மணி. 1998இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த தெருக்கள் அவை. ஒரு சிறிய முற்றத்தில் ஐந்தாறு பேர் ஆபிரிக்க மத்தளங்களோடு வட்டமாக இருந்தார்கள். ஒரு கதிரை வெறுமையாக இருந்தது, மத்தளத்தோடு. வருகிறவர்கள் கொஞ்சநேரம் இருந்து அடித்துவிட்டு எழும்புகிறார்கள். ஒரு பொடியன் எழும்பியதும், வட்டத்தை நடத்திய பெண் இவரைப் பார்த்துக் கையால் கதிரையைக் காட்டினார். இவர் தலையை ஆட்டி மறுத்தார். அந்தப் பெண் விடவில்லை. நான் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

முதலில் மற்றவர்கள் போகிற வழியே மெதுவாகத் தட்டினார். பிறகு ஆதிதாளத்துக்குள் இழுத்துக்கொண்டார். எட்டு எண்ணிக்கை, அவர்களுடைய நான்கோடு பொருந்தியது. விரல்கள் எங்கோ பழைய பாடத்தைத் தேடுவதுபோல் இருந்தது. நடுவில் ஒருமுறை தவறி, சிரித்து, திரும்பப் பிடித்தார். தோளை நிமிர்த்திக்கொண்டு இருக்கும் அந்த விதம் எனக்குப் புதியது. கலியாணமாகிப் பத்து வருடத்தில் நான் கண்டதில்லை. கடைசியில் ஒரு சின்னத் தீர்மானம் வைத்து முடித்தபோது வட்டத்தில் இருந்தவர்கள் மத்தளத்தின் பக்கத்தில் தட்டினார்கள். அவர்கள் கைதட்டும் முறை அதுதான் போலும்.

எழும்பி வந்ததும், “கை நோகுது. இது ஆட்டுத்தோல், எங்கடை மாதிரி இல்லை” என்று வாத்தியத்தைக் குறை சொன்னார்.

மத்தியானம் பொதிந்து தந்த மீதி இனிப்பை ஆற்றங்கரைப் படியிலிருந்து சாப்பிட்டோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஊருக்குப் போனால் யாழ்ப்பாணத்தில் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும் என்றார். பத்தரைக்கு விடுதிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. அந்தப் பக்கக் கரையில் யாரோ அக்கோடியன் வாசிக்கத் தொடங்கினார்கள். “இன்னும் ஒண்டு கேட்டிட்டுப் போவம்” என்றார் இவர். இருந்தோம்.